ஹெஸ்ஸேயின் மனைவி

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பருவத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நுண்ணுயிரியல் தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று: ‘வளர்ப்பு ஊடகத்தில் அகாரைச் சேர்க்கப் பரிந்துரைத்தவர் யார்? அதன் சிறப்பு என்ன?’ முதல் தாளில் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: ‘ஹெஸ்ஸேயின் மனைவி. அகார் 37 டிகிரி வெப்பத்தில் உருகாது.’ இரண்டு மதிப்பெண் போட்டேன். அடுத்த தாளிலும் ஹெஸ்ஸேயின் மனைவி. அதற்கடுத்ததிலும் அவர்தான். கட்டு முடிவதற்குள் நாற்பது முறையாவது அந்த மனைவிக்குச் சிவப்பு மையில் சரி போட்டிருப்பேன்.

மாணவிகளைக் குறை சொல்ல முடியாது. நான் வகுப்பில் கொடுத்த குறிப்பைத்தான் அவர்கள் திருப்பி எழுதினார்கள். நான் படித்தபோது என் ஆசிரியர் சொன்னதைத்தான் நானும் கொடுத்திருந்தேன். கட்டைக் கட்டி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று யோசித்தேன். தெரியவில்லை. அதே பாடத்தில் வரும் ராபர்ட் கோக், ஜூலியஸ் பெட்ரி, வால்தர் ஹெஸ்ஸே ஆகியோரின் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். முதுகலைப் பட்டமும் பதினோரு ஆண்டு ஆசிரியப் பணியும் கொண்ட எனக்கு அந்த ஒரு பெயர் தேவைப்படவே இல்லை. தேவைப்படாமல் எப்படி இருந்தது என்பதுதான் என்னை உறுத்தியது.

*

அகாரை ஆய்வகத்தில் பார்ப்பதற்கு முன்பே நான் தின்றிருக்கிறேன். பவானியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஜமக்காளத் தறி. எங்கள் வீட்டிலும் இருந்தது. அப்பா நெய்வார். விடியற்காலையில் ராட்டை முன் உட்கார்ந்து அம்மா தார் சுற்றிக் கொடுப்பார். சங்கத்துப் பாஸ் புத்தகத்தில் அப்பா பெயர் மட்டும் இருக்கும். அம்மா ‘தறிக்காரர் சம்சாரம்’.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். நோன்பு மாதத்தில் அந்த வீட்டிலிருந்து கஞ்சியும் கடல்பாசியும் வரும். எண்பதுகளின் கடைசியில் ரம்ஜான் நல்ல கோடையில் வந்தது. சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிக் கிடக்கும். எங்கள் தெருவில் அப்போது யார் வீட்டிலும் பிரிட்ஜ் கிடையாது. ஆனாலும் அந்தத் தட்டில் ரோஸ் நிறத்திலும் பால் நிறத்திலும் வெட்டி வைத்த கடல்பாசித் துண்டுகள் சாயங்காலம் வரை முனை மழுங்காமல் நிற்கும். வாயில் போட்டால் மட்டும் உடையும். ‘இது ஏனுங்க உருகறதில்ல?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘கடல்ல இருந்து வர்றதும்மா, வெயிலெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டா?’ என்று சிரித்தார் அந்த வீட்டம்மா. அவரை நாங்கள் ‘பாயம்மா’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயரும் எனக்குத் தெரியாது.

கடையில் சைனா கிராஸ் என்றும் கடல்பாசி என்றும் விற்கப்படுவது இந்த அகார்தான். சில வகைச் சிவப்புக் கடற்பாசிகளின் செல்சுவரில் இருக்கும் ஒரு கூட்டுச் சர்க்கரை இது. பாசியைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆறவிட்டுக் கட்டியாக்கி, நீரை நீக்கி உலர்த்தினால் அகார் கிடைக்கும். ஜப்பானில் சில நூற்றாண்டுகளாக இது ‘கான்டென்’ என்ற பெயரில் உணவு. ‘அகர் அகர்’ மலாய்ச் சொல்.

இதன் குணம் விசித்திரமானது. உருக வேண்டுமானால் சுமார் 85 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். ஒருமுறை உருகிவிட்டால், 40 டிகிரிக்கும் கீழே இறங்கும்வரை உறையாது. இந்த இடைவெளியில்தான் ஆய்வகத்தின் வேலை முழுவதும் நடக்கிறது. ஒரு லிட்டர் ஊடகத்துக்கு 15 கிராம் அளவில் அகார் சேர்த்து, கிருமி நீக்கி, 45 முதல் 50 டிகிரிக்குள் ஆறும்போது தட்டுகளில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் மூடியில் நீர் கோக்கும். தாமதித்தால் குடுவையிலேயே உறைந்துவிடும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பேராசிரியர் அல்லர், எங்கள் துறை ஆய்வகத்தில் வேலை செய்த அக்கா. துப்புரவு வேலைக்கென்று வந்து, கண்ணாடிச் சாமான் கழுவி, பிறகு ஊடகம் தயாரிக்கக் கற்றுக்கொண்டவர். ‘வெப்பமானியெல்லாம் எதுக்குங்க கண்ணு? குடுவையத் துணியில புடிச்சுக் கன்னத்துல ஒட்டிப் பாருங்க. பொறுக்க முடியலையா, இன்னும் செத்த நேரம் ஆகட்டும். இதமா இருந்தா ஊத்திருங்க’ என்பார். வெப்பமானி வைத்து அளந்து பார்த்திருக்கிறேன். அவர் கன்னம் பிசகியதே இல்லை.

*

இனி அந்த மனைவிக்கு வருகிறேன். அவர் பெயர் ஏஞ்சலினா ஃபேனி எல்ஷிமியஸ். 1850இல் நியூயார்க்கில் பிறந்தவர். தந்தை வசதியான இறக்குமதி வணிகர். பதினைந்து வயதில் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்துப் பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு ஏற்ற படிப்பாக மொழியும் மனைநிர்வாகமும் கற்றார். 1874இல் வால்தர் ஹெஸ்ஸே என்ற ஜெர்மானிய மருத்துவரை மணந்தார். ஃபேனியின் தம்பி லூயிஸ் எல்ஷிமியஸ் ஓவியர். அமெரிக்க அருங்காட்சியகங்களில் அவர் பெயரிட்ட படங்கள் தொங்குகின்றன. ஃபேனிக்கும் வரையத் தெரியும். அவர் வரைந்தது கணவருக்காக, நுண்ணோக்கி வழியே பார்த்த பாக்டீரியக் கூட்டங்களை. வால்தர் 1908இல் வெளியிட்ட ஆய்வுக்கு வண்ணப் படங்கள் வரைந்தவர் அவரே.

1881 வாக்கில் வால்தர் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் காற்றிலுள்ள நுண்ணுயிரிகளை ஆராயச் சேர்ந்தார். அப்போது கோக்கிற்கு ஒரு பெரும் சிக்கல் இருந்தது. திரவத்தில் வளர்த்தால் எல்லாக் கிருமிகளும் கலந்துவிடும். எந்த நோய்க்கு எது காரணம் என்று பிரிக்க முடியாது. திடமான பரப்பில் வளர்த்தால் ஒவ்வொரு செல்லும் இருந்த இடத்திலேயே பெருகித் தனிப் புள்ளியாகத் தெரியும். முதலில் வெட்டிய உருளைக்கிழங்கில் முயன்றார்கள். பிறகு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினைச் சேர்த்தார்கள். ஜெலட்டினோ உடல் வெப்பமான 37 டிகிரியில் உருகி ஓடியது. போதாததற்கு, பல பாக்டீரியாக்கள் அதையே தின்று கரைத்தன.

வால்தரின் தட்டுகளும் கோடையில் உருகின. ஃபேனி செய்யும் ஜெல்லியும் புட்டிங்கும் மட்டும் அதே வெயிலில் நின்றன. அவர் அதில் அகார் சேர்த்திருந்தார். ஜாவாவில் இருந்துவிட்டு அமெரிக்காவில் குடியேறிய டச்சு அண்டை வீட்டாரிடமிருந்து அவர் குடும்பத்துக்கு வந்த சமையல் குறிப்பு அது. வெயிலில் உருகாத கடல்பாசியைப் பற்றி நான் பாயம்மாவிடம் கேட்ட அதே கேள்வியை வால்தர் தன் மனைவியிடம் கேட்டிருக்கிறார். பதில் வால்தர் வழியாகக் கோக்கை எட்டியது. 1882இல் காசநோய்க் கிருமி பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையில் கோக் அகாரைப் போகிற போக்கில் குறிப்பிட்டார். அது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவில்லை. ஃபேனியின் பெயரும் இல்லை, வால்தரின் பெயரும் இல்லை.

1887இல் கோக்கின் உதவியாளர் பெட்ரி, மூடியுள்ள ஒரு கண்ணாடித் தட்டைப் பற்றிச் சிறு குறிப்பு எழுதினார். இன்றைக்கு உலகெங்கும் அது பெட்ரி தட்டு. தட்டுக்குப் பெயர் கிடைத்தது. அதற்குள் இருப்பதற்குக் கிடைக்கவில்லை. 1939இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஹெஸ்ஸே குடும்பத்தாரிடம் விவரம் சேகரித்து இந்த வரலாற்றை எழுதினார்கள். சாதாரண அகார் ஊடகத்தை இனி ‘ஹெஸ்ஸே அம்மையார் ஊடகம்’ என்று அழைக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். யாரும் அப்படி அழைக்கவில்லை. ஃபேனி 1934இலேயே இறந்துவிட்டிருந்தார்.

*

இந்தக் கதை இன்று ஓரளவு பரவியிருக்கிறது. பரவும் விதம்தான் எனக்கு உவப்பாக இல்லை. ‘சமையலறையில் பிறந்த அறிவியல்’, ‘மனைவி கொடுத்த ஐடியா’ என்று ஒரு துணுக்காகச் சொல்கிறார்கள். ஏதோ ஃபேனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொன்னார் என்பது போல. அவர் கணவரின் ஆய்வுக்கு ஊடகம் காய்ச்சியவர், கருவிகளைச் சுத்தம் செய்தவர், வளர்ந்த கூட்டங்களைப் பார்த்து வரைந்தவர். ஜெலட்டின் எங்கே தோற்கிறது என்று அவருக்கு அன்றாடம் தெரியும். அகார் எப்படி நிற்கிறது என்றும் தெரியும். இரண்டையும் தன் கையால் செய்துகொண்டிருந்த ஒருவர் இரண்டையும் சேர்த்து யோசித்தார். இதே காரியத்தைச் சம்பளம் வாங்கும் ஓர் உதவியாளர் செய்திருந்தால் நாம் அதைக் கண்டுபிடிப்பு என்போம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஃபேனியின் பெயரை மீட்டதோடு நம் வேலை முடிந்துவிடாது. அவர் குடும்பத்துக்கு அந்தக் குறிப்பு வந்ததே டச்சுக்காரர்கள் ஜாவாவை ஆண்டதால்தான். அங்கே அகாரைக் காய்ச்சி இனிப்புச் செய்த கைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பெண் என்ற ஒரு சொல்லுக்குள் நியூயார்க் வணிகரின் மகளும் ஜாவாவின் சமையற்காரியும் ஒன்றாக அடங்கிவிட மாட்டார்கள். ஒருத்தியின் பெயரை நாம் 1939இலாவது கண்டுபிடிக்க முடிந்தது. அவள் வீட்டில் கடிதங்கள் இருந்தன, ஆவணம் வைக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அகாரைக் கடலிலிருந்து எடுப்பவர்களிடமும் இதே கேள்வி காத்திருக்கிறது. ஜப்பானில் அகார் தரும் பாசியை மூழ்கி எடுத்தவர்களில் ‘அமா’ என்னும் முக்குளிக்கும் பெண்கள் உண்டு. கொரியாவின் ஜெஜு தீவில் ‘ஹெனியோ’ பெண்கள். நம்மிடம் மன்னார் வளைகுடாப் பெண்கள்.

*

இரண்டாம் உலகப்போர் வரை உலகின் அகாரில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் அந்த வரத்து நின்றது. அகார் இல்லாவிட்டால் கிருமிச் சோதனை இல்லை, தடுப்பூசி வேலை இல்லை. நாடுகள் தங்கள் கரைகளில் பாசி தேடின. இந்தியாவிலும் அப்போதுதான் நம் பாசிகளிலிருந்து அகார் எடுக்கும் முயற்சி வேகம் பெற்றது. போருக்குப் பின், 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் அமைந்தது. அங்கே பாசிகளை ஆராய்ந்தவர்களில் ஃபிரான்செஸ்கா திவி என்ற பெண் முக்கியமானவர். இந்தியப் பாசிகள் தரும் அகார்களின் இயல்பைப் பற்றி 1951இலேயே எழுதியவர். இந்த ஆய்வுகளைத் தேடும்வரை அவரைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை.

மண்டபம், பாம்பன் கரைப் பெண்கள் பாசி எடுக்கிறார்கள். பழைய சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு மூழ்குகிறார்கள். தாவரவியலில் ஜெலிடியெல்லா அசிரோசா என்பது அவர்கள் வாயில் மரிக்கொழுந்து. கிராசிலேரியா எடுலிஸ் அவர்களுக்குக் கஞ்சிப்பாசி. ஒரு காலத்தில் கரையோர வீடுகளில் அதில் கஞ்சி காய்ச்சினார்கள். மரிக்கொழுந்து பவளப் பாறைக் கற்களில் ஒட்டி வளரும். கையால்தான் கிள்ளி எடுக்க வேண்டும். அதிலிருந்து வரும் அகார் கஞ்சிப்பாசி அகாரைவிட உறுதியாக உறையும்.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தலைமுறைகளாகப் போய்வந்த இடத்துக்குப் போவது சட்டப்படி அத்துமீறல் ஆனது. பெண்கள் கூடிப் பேசினார்கள், மனு கொடுத்தார்கள். வேரோடு பிடுங்காமல் கிள்ளுவது, பாசி வளரும் காலத்தில் கடலுக்குப் போகாதிருப்பது, மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அப்படித் திரட்டியவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவிகளை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். கரையில் பாசி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் நாங்கள் யார் என்று சொன்னோம். கையில் கொண்டுபோயிருந்த அகார்ப் பொடி டப்பாவைக் காட்டினேன். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். ‘ஐஸ்கிரீமுக்குப் போவுதுன்னு ஏவாரி சொல்லுவாரு. இதெல்லாம் யாரு சொல்லுறா?’ என்றார். நோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க இதுதான் பாய், சிறுநீர்ச் சோதனையில்கூட இதில்தான் கிருமியை வளர்ப்போம் என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: ‘மணிக்கணக்காத் தண்ணியில கெடந்து எங்கள்ல பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. ராம்நாடு ஆஸ்பத்திரியில மூத்திரம் டெஸ்டுக்குக் குடுத்தேன். முந்நூறு ரூவா. அப்ப அந்த டெஸ்டுலயும் நாங்க புடுங்குன பாசி இருந்துச்சா?’

உங்கள் பாசியா என்று தெரியாது, இதைப்போல ஒரு பாசிதான் என்றேன். நம் கரைப் பாசி அகாரில் பெரும்பகுதி உணவுக்குத்தான் போகிறது. ஆனாலும் என் பதில் எனக்கே வழுக்கலாகப் பட்டது. பக்கத்திலிருந்தவரிடம் அவர், ‘நம்மகிட்ட எடுத்து நம்மகிட்டயே விக்கிறாங்கடி’ என்று சிரித்தார்.

*

ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் பவானி கூடுதுறையில் மாணவிகளோடு தண்ணீர் எடுக்கப் போவேன். பவானியும் காவிரியும் கூடும் படித்துறையில் ஒரு பாட்டில், சற்று மேலே ஒன்று, கீழே ஒன்று. மெக்கான்கி அகாரில் பரப்பி 37 டிகிரியில் வைத்தால் மறுநாள் காலை தட்டு முழுக்க இளஞ்சிவப்புப் புள்ளிகள். மனிதக் கழிவு கலந்த நீரில் பெருகும் கோலிஃபார்ம் வகைப் பாக்டீரியாக்கள் அவை. நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு முன் ஃபேனி சொன்ன யோசனை வேலை செய்வதை மாணவிகள் கண்ணால் பார்க்கிறார்கள். தட்டு உருகாமல் நிற்கிறது. கிருமி அதைத் தின்னாமல் அதன்மேல் வளர்கிறது.

இப்போது அந்தப் பாடத்தைத் தொடங்கும்போது கரும்பலகையில் ஃபேனியின் முழுப் பெயரை எழுதுகிறேன். பக்கத்தில் ஃபிரான்செஸ்கா திவி. கீழே மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி. ‘ஹெஸ்ஸேயின் மனைவி’ என்று எழுதினால் ஒரு மதிப்பெண்தான் என்று சொல்லிவிடுகிறேன். மாணவிகள் சிரிப்பார்கள். செய்முறைப் பதிவேட்டில் ‘ஊடகம் தயாரித்தவர்’ என்றொரு வரி சேர்த்திருக்கிறேன். யார் காய்ச்சினார்களோ அவர் பெயரை எழுத வேண்டும்.

கூடுதுறைத் தண்ணீர் பற்றி எங்கள் துறை முன்பு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. பெயர்ப் பட்டியலில் நால்வர். நன்றியுரையில் நிர்வாகம், முதல்வர், துறைத்தலைவர். தட்டுகள் அத்தனையும் ஊற்றியவர் அக்கா. கிருமி வளர்ந்த தட்டுகளை வேகவைத்துக் கழுவியவரும் அவர்தான். ஆய்வகத்தில் கழுவும் வேலை யார் கைக்குப் போகும் என்பதை எங்கள் ஊரில் இன்றும் சாதிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்த நால்வரில் நானும் ஒருத்தி. அக்கா பெயரைச் சேர்க்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதும் அவரிடம் போய்ச் சொன்னேன். ‘அக்கா, உங்க பேரைப் போட்டு எழுதறேன்.’ கழுவிக்கொண்டிருந்த குடுவையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

‘வேண்டாங்க கண்ணு’ என்றார். ‘நீங்க நல்லதுக்குத்தான் எழுதுவீங்க. படிக்கறவங்க யாராச்சும் போயி, இந்தம்மா இப்படியெல்லாம் சொல்லிட்டுத் திரியுதுன்னு ஆபீஸ்ல சொன்னா? எனக்கு வருசா வருசம் புதுப்பிக்கற வேலைங்க. இன்னும் பையன் படிப்பு முடியல.’

அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் அவர் வெறும் அக்காவாக இருக்கிறார். ஃபேனியின் பெயர் விடுபட்டதற்கு மறதியும் அலட்சியமும் காரணம் என்று எழுதிவிடலாம். அக்காவின் பெயர் விடுபடுவதற்கு ஒப்பந்தத் தாள் காரணம். அந்தத் தாளை மாற்றாமல் பெயரை மட்டும் எழுத ஆசைப்பட்ட என்னைவிட அவருக்கு நிலவரம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் கொடுக்கும் மனுவில் இந்த ஆண்டு ஆசிரியர்கள் சிலரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அந்தத் தாளில் அக்கா தன் பெயரை முழுதாக எழுதியிருக்கிறார், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, தெளிவான கையெழுத்தில்.